மூன்றாவது விலைப்புள்ளி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் தலை முதல் கால் வரை நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இடது காதுதான் போய்விட்டது, வலது காதாவது தாக்குப்பிடிக்கிறதா? போன வாரம் போனில் நான் உனக்காகக் கத்திய கத்தலில், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன சண்டை என்று விசாரித்துவிட்டுப் போனார். அதனால் இனி கடிதம்தான்.

விஷயம் இதுதான். பெயிண்ட் கம்பெனிக் குடோனில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஜூலை முதல் தேதியிலிருந்து பத்து வயதுக்கு மேற்பட்ட லாரிகளை உள்ளே விடமாட்டார்களாம். நம் பெரியவனுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. (லாரிக்கு அந்தப் பெயரை வைத்ததே நீதான். பிள்ளையில்லாத வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று சொல்லி என் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.) அந்தக் குடோன் லோடு போனால் மாதத்தில் இருபது நாள் வண்டி சும்மா நிற்கும், நானும் சும்மா நிற்பேன். ஐம்பத்து மூன்று வயதுக்கு மேல் வேறு எந்த வேலையைக் கற்றுக்கொள்வது?

பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கு தருவதாக நீ சொல்லியிருக்கிறாய். எனவே நீ பார்த்துச் சரி என்றால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஊர் எல்லையில் இருக்கிற பெரிய ஷோரூமில் ஒரு வண்டியைப் பார்த்தேன். இடது பக்கம் கண்ணாடிக்குக் கீழே கேமரா வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு திரை. அந்தப் பக்கம் பூனை போனாலும் தெரிகிறது. எனக்கு அதில்தான் மனசு.

இன்னொன்று. அவள் சலவைக் கடை வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக என்னோடு லோடுக்கு வருகிறாள். பேச்சுத் துணை. மழையோ வெயிலோ, மடக்குக் குடை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இடது சீட்டில் நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் படியேறும்போது மட்டும் தன் இருப்பைக் காட்டுகிறது. நான் தலையில் இடது பக்கத்தை மூடிவைத்துவிட்டு மீதியோடு நன்றாகத்தான் இருக்கிறேன். யார் வந்தாலும் வலது பக்கம் உட்காருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சொல்ல வெட்கப்பட்டிருந்தால் முப்பது வருஷத்தில் பாதிப் பேச்சு எனக்குக் கிடைத்தே இருக்காது.

லாரி விஷயத்தில் நீ எதற்கும் வாயைத் திறக்காதே. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் ஷோரூமில் ஏசி போட்டு ஜூஸ் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நான் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் கொள்முதல் பிரிவில் இருந்தவள். பஞ்சு வாங்கினாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்காமல் கோப்பு என் மேஜையைத் தாண்டியதில்லை. பெரிய டாக்டரே வந்து நின்றாலும் "மூணாவது எங்க சார்?" என்றுதான் கேட்பேன்.

இப்போது சொல்வதைக் கவனி. முதலில் புது வண்டியின் விலையை மட்டும் கேள். பழைய வண்டி இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதே. அவர்கள் கடைசித் தள்ளுபடியைச் சொன்ன பிறகுதான் பழையதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பேசினால் பழையதற்கு விலையை ஏற்றுவது போல் ஏற்றி, புதியதில் தள்ளுபடியைக் கமுக்கமாக உருவிவிடுவார்கள். மதிப்புப் போடும் ஆள் ஒரு படிவம் எழுதுவான். அதில் ஒரு நகல் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு.

கேமரா எல்லாம் வேண்டாத அலங்காரம். இத்தனை வருஷம் எதை வைத்து ஓட்டினாய்? கண்ணை வைத்துத்தானே?

அவள் எதற்கு வேலையை விட்டாள்? மாதாமாதம் வந்த சம்பளம் அது. பேச்சுத் துணைக்கு ஒரு ரேடியோ போதாதா? கேட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடாதே.

சர்க்கரை பரிசோதித்தாயா? எழுது.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சர்க்கரை அளவோடு இருக்கிறது. தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லை.

நீ சொன்னபடியே செய்தேன். பழைய வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனேன். விற்பனைக்காரருக்குச் சட்டைப்பையில் மூன்று பேனா இருந்தது. தள்ளுபடியைச் சொல்லி முடித்ததும் பழைய வண்டி ஒன்று இருக்கிறது என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். "யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்க" என்றார்.

மதிப்புப் போடுகிறவர் வந்து பெரியவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரைத் தட்டினார், மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தார், இன்ஜினை ஓடவிட்டுப் புகையைப் பார்த்தார். படிவத்தில் வண்டியின் நான்கு பக்கமும் படமாகப் போட்டிருக்கிறது. எங்கே கீறலோ நசுங்கலோ இருக்கிறதோ அங்கே பெருக்கல் குறி போடுவார். மூன்று குறி போட்டார். நகல் இதோடு இருக்கிறது.

ஆறு லட்சத்து இருபதாயிரம் தருகிறார்கள். கேமரா வைத்த வண்டிக்கு அதற்கென்று தனிக் காசு இல்லை, இந்த மாதம் சலுகையாம். அக்கா, எனக்கு இது போதும் என்று தோன்றுகிறது. சரி என்று எழுது, மார்ச் மாதமே வண்டி கைக்கு வந்துவிடும். அவளையும் வீட்டில் இருக்கச் சொல்லலாம். பாவம், நாள் முழுக்க வண்டியில் குலுங்கி இடுப்பு வலி என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே குளிர் விட்டுவிட்டதால் முழங்காலும் என்னை விட்டுவிட்டது.

ஒன்று என்பது விலைப்புள்ளி இல்லை, அது அவர்கள் ஆசை. இன்னும் இரண்டு இடத்தில் கேட்காமல் நான் சரி என்று எழுத மாட்டேன். ஜூன் முடிய நான்கு மாதம் கிடக்கிறது, என்ன அவசரம் உனக்கு? பேனாக்காரர் சிரித்தார் என்றால் அவருக்கு இன்னும் லாபம் இருக்கிறது என்று அர்த்தம். நஷ்டத்தில் இருப்பவன் சிரிக்க மாட்டான்.

அவளுக்கு இடுப்பு வலி என்றால் இறங்கிக்கொள்ள வேண்டியதுதானே? யார் கட்டிப்போட்டது? கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக்கூடச் சேர்ந்து போகாதவர்கள் நீங்கள். இப்போது லோடு ஏற்றப் போகும்போது ஜோடி. உன் வீட்டு மகாராணியிடம் நான் கேலி செய்ததாகவே சொல். கோபப்பட்டாலாவது ஒரு வரி எழுதுவாள்.

அடுத்த ஷோரூமுக்குப் போ. படிவத்தை அனுப்பு.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, லோடு அதிகம்.

ரயில் பாதையை ஒட்டியிருக்கிற இரண்டாவது ஷோரூமுக்குப் போனேன். ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம்தான் என்கிறார்கள். முதல் இடத்தைவிடக் குறைவு. காரணம் படிவத்திலேயே இருக்கிறது, ஏழு குறி போட்டிருக்கிறார். "இதெல்லாம் புது உரசலா இருக்கே, யாரு ஓட்டுறா?" என்று கேட்டார். குடோன் கேட்டை அகலம் குறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று சொன்னேன். போகும்போதும் வரும்போதும் அங்கங்கே படுகிறது.

நாள் போகப் போக வண்டியின் மதிப்பு இறங்கத்தான் செய்யும், அக்கா. முதல் இடத்துப் பேனாக்காரர் நல்ல மனிதர். எனக்காகச் சலுகையை ஏப்ரல் பத்து வரை நீட்டித் தந்திருக்கிறார். படிவத்தையும் மாற்ற வேண்டாம், அதே ஆறு இருபது என்கிறார். இதற்கு மேல் யார் தருவார்கள்? அங்கேயே எடுத்துவிடலாம். கேமராவும் இருக்கிறது.

அவள் உன் கேலியைக் கேட்டாள். குடையைத் துடைத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அவளும் நலமாக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் யார் தருவார்கள் என்று கேட்டாய். நான் கண்டுபிடித்துவிட்டேன். உன் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில், ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு ஷோரூம் புதிதாகத் திறந்திருக்கிறது. வண்டியின் வயது, ஓடிய தூரம், டயர் மாற்றிய வருஷம் எல்லாம் போட்டு என் பெயரிலேயே விலைப்புள்ளி கேட்டு எழுதினேன். பதில் வந்துவிட்டது. கடை புதிது என்பதால் ஆள் பிடிக்க அள்ளிக் கொடுக்கிறார்கள். ஆறு லட்சத்து எழுபதாயிரம். முழுசாக ஐம்பதாயிரம் கூட. அது எனக்கு நான்கு மாதப் பென்ஷன்.

ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கிலோமீட்டர் வர வேண்டும். கியரும் பிரேக்கும் ஓட்டத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்களாம். நியாயமான கேள்விதான்.

அவர்கள் தரும் வண்டியில் கேமரா கிடையாது. வேண்டுமென்றால் முப்பத்தெட்டாயிரம் தனி. அந்த வரியை நான் சிவப்பு மையில் அடித்துவிட்டேன்.

என்றைக்குப் போகிறாய் என்று எழுது.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்ல முடியாதா என்று அவர்களிடம் கேட்க முடியுமா? கிளட்ச் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, புது ஆள் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கை ஓடாது. நம் வண்டியில் நடுவில் இன்ஜின் மூடி, இடது பக்கம் ஒரே சீட்டு. அவர்கள் ஆள் ஏறினால் அவள் இறங்க வேண்டும். அவள் பக்கத்தில் இருந்து பழகிவிட்டது.

ஐம்பதாயிரம் பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதை நான் மாதாமாதம் உனக்குக் கழித்துத் தந்துவிடுகிறேன். ஏப்ரல் பத்துக்குள் முதல் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேனே. கடிதத்துக்கு நேரம் இல்லை என்றால் மாடி வீட்டுத் தையல்கார அம்மாவை விட்டுப் போனில் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். அது போதும்.

தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஐந்து கிலோமீட்டர். பெண்டாட்டியைப் பிரிந்து ஐந்து கிலோமீட்டர் போக முடியாத ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இருபத்தைந்து வருஷம் அவளை வீட்டில் விட்டுவிட்டு வாரக்கணக்கில் சுற்றியவன் தானே நீ? கழித்துத் தருகிறேன் என்று என்னிடம் பேசாதே. உன் பணம், என் பணம் என்று நமக்குள் எப்போது வந்தது? ஏமாறக் கூடாது என்பதுதான் எனக்கு.

தையல்கார அம்மாவைத் தொந்தரவு செய்யவில்லை. என் பதில் "சரி" இல்லை. ஏப்ரல் 14, காலை பதினொரு மணி என்று அவர்களுக்கு எழுதி நாள் குறித்துவிட்டேன். வண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போ. அவள் வர வேண்டும் என்றால் வரட்டும், அவர்கள் வாசலில் ஒரு மணி நேரம் நிற்கட்டும். ஒன்றும் தேய்ந்துவிட மாட்டாள்.

முடிந்ததும் எழுது.

அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நீ எழுதவில்லை. ஆனால் ஷோரூம்காரர்கள் எழுதிவிட்டார்கள். படிவம் நேற்றுத் தபாலில் வந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு எழுபது என்று ஒப்புக்கொண்டவர்கள் பன்னிரண்டாயிரம் குறைத்திருக்கிறார்கள். என்ன காரணம் என்று பார்த்தால், இடது முன் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய பெருக்கல் குறி. "ஏறும் படி வளைந்துள்ளது, கீழ்ப் பலகை நசுங்கியுள்ளது, புதியது" என்று எழுதியிருக்கிறான். புதியதாம். எந்தத் தூணில் கொண்டுபோய் இடித்தாய்? மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓட்டு. அன்று ஒரு நாள், அந்த ஐந்து கிலோமீட்டர், கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா? நான் ஒரு மாதம் கடிதம் கடிதமாக எழுதிச் சேர்த்ததை ஒரு நிமிஷத்தில் இடித்துத் தள்ளிவிட்டாய். பன்னிரண்டாயிரத்துக்கு எத்தனை லோடு அடிக்க வேண்டும், நீயே கணக்குப் போட்டுப் பார்.

உன் மகாராணி அங்கேதானே நின்றிருப்பாள்? அவளாவது குரல் கொடுக்க வேண்டாமா? குடையைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?

போகட்டும். இன்னும் முதல் இடத்தைவிட முப்பத்தெட்டாயிரம் கூடத்தான். உடனே பதில் எழுது, நான் பணத்தை எடுக்க வேண்டும்.

அக்கா


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

என் கடிதம் போய் மூன்று வாரமாகியும் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தையல்கார அம்மாவை விட்டு நான்கு முறை போன் செய்யச் சொன்னேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை என்கிறாள். நான் கடுமையாக எழுதிவிட்டேன், கோபமாக இருக்கிறாய் என்று முதலில் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் மூன்று படிவங்களையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். விலைப்புள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆபீஸ் பழக்கம். அப்போது நான் தொகையை மட்டும்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. நேற்றுத்தான் படத்தைப் பார்த்தேன்.

முதலில் மூன்று குறி. பிறகு ஏழு. பிறகு பதினொன்று. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. எல்லாம் இடது பக்கம். குடோன் கேட் அகலம் குறைந்தால் இரண்டு பக்கமும்தானே உரசும்?

எனக்கு இடது காது போன புதிதில் ஒரு வருஷம் யாருக்கும் சொல்லவில்லை. ஆபீஸில் விஷயம் தெரிந்த ஒரே தோழியை எப்போதும் இடது பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வேன். யாராவது அந்தப் பக்கம் என்னைக் கூப்பிட்டால் அவள் என் முழங்கையைத் தொடுவாள். பார்ப்பவர்கள் எங்கள் சிநேகிதத்தை மெச்சினார்கள். இதை நான் உனக்குச் சொன்னதில்லை.

உன் பெண்டாட்டி சம்பளத்தை விட்டுவிட்டு உன் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். கேமரா வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். எங்கே வைத்த கேமரா என்றும் எழுதியிருந்தாய். நான் சிவப்பு மையில் அடித்தேன்.

தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் இடது கண் எவ்வளவு நாளாகத் தெரியவில்லை? அந்த ஐந்து கிலோமீட்டரில் என்ன நடந்தது?

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். வழக்கமாக எழுதும் முதல் வரியை இந்தத் தடவை எழுத முடியவில்லை.

கண் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கண் அழுத்தம் என்றார் டாக்டர். வலியே இல்லாமல் உள்ளே நரம்பை அழித்துவிட்டதாம். கண்ணாடியோ ஆபரேஷனோ இனிப் பயன்படாது. வலது கண்ணைக் காப்பாற்றச் சொட்டு மருந்து தந்தார். லாரி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார். அதை அவளிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. விட்டுவிடுங்கள் என்றாள், எனக்கு வேறு என்ன தெரியும் என்றேன். மூன்றாம் நாள் சலவைக் கடையில் கணக்கை முடித்துக்கொண்டு, குடையோடு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

குடை எதற்கென்றால், நடுவில் இன்ஜின் மூடி இருப்பதால் அவள் கை எனக்கு எட்டாது. குடையால் என் தோளில் ஒரு தட்டு தட்டினால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது. இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். அந்தக் கேமரா வண்டி வந்துவிட்டால் அவள் வீட்டில் இருக்கலாம் என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். உன்னிடம் சொல்லியிருந்தால் பணம் தந்திருக்க மாட்டாய். தராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். தெருவில் போன யாரையாவது கொன்றிருப்பேன். அதைத் தினமும் நினைத்துக்கொண்டேதான் சாவியைப் போடுவேன்.

அன்று அவர்கள் ஆள் இடது சீட்டில் ஏறினான். அவள் இறங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட் வரைக்கும் நான் முன்னால் போகிறேன் என்றாள். ஷோரூம் யார்டிலிருந்து தெருவுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். கேட்டில் இரண்டு சிமெண்ட் தூண். அவள் இடது தூணுக்குப் பக்கத்தில் நின்றாளாம். எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது வண்டியின் இடது பக்கம் தூணை நோக்கி ஒதுங்கியது. அவள் கதவில் குடையால் இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவன் தலையைக் குனிந்து ஓடிய தூரத்தை எழுதிக்கொண்டிருந்தான். இன்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் எதுவும் படவில்லை, அதனால் நான் போய்க்கொண்டே இருந்தேன்.

வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் அவளுடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே. இரண்டு நாள் பார்த்தார்கள், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. என்னைக் கண் பரிசோதனைக்கு அனுப்பி லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு இருக்கிறது. வண்டி அவர்கள் யார்டிலேயே நின்றது. மறுநாள் வேலைக்கு வந்த வேறொரு ஆளுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் பாதியில் நின்ற படிவத்தை எடுத்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறி போட்டு உனக்கு அனுப்பிவிட்டான். பெரியவனை அந்த விலைக்கே அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புது வண்டி இனி இல்லை.

உன் ஏப்ரல் 22 கடிதம் வீட்டுக்கு வந்து கிடந்தது. மாற்றுத் துணி எடுக்கப் போனபோது எடுத்து, வார்டு வராந்தாவில் நின்று படித்துவிட்டுச் சட்டைப்பையில் மறைத்தேன். அவள் பார்த்துவிட்டாள். "உங்க அக்கா எழுதுனதா? குடுங்க." கொடுக்க மாட்டேன் என்றேன். கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கொடுத்தேன்.

முழுசாகப் படித்தாள், அக்கா. குடையைப் பிடித்துக்கொண்டு எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நீ எழுதியிருந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தாள். பிறகு மடித்து என்னிடம் தந்துவிட்டுச் சொன்னாள்: "என் காலுக்குப் பன்னெண்டாயிரம்தானா போட்டிருக்காங்க? உங்க அக்காவ இன்னும் ரெண்டு எடத்துல கேக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை, அதிகம் பேசுவதும் இல்லை.

உன் மேல் தப்பு எதுவும் இல்லை என்று எழுத நான்கு நாளாக உட்காருகிறேன். தப்பு என்னுடையது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டேனே என்று ராத்திரி பகலாக மனசில் ஓடுகிறது. அதை மறைத்துவிட்டு உனக்கு நலம் என்று எழுத எனக்கு இனிமேல் வராது.

தம்பி


ஜூன் 7

அன்புள்ள உங்கள் இருவருக்கும்,

உங்கள் நலத்தை விசாரிக்க எனக்கு வாயில்லை. என் நலத்தைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

தம்பி, நீ மறைக்காமல் எழுதியது நல்லது. தப்பு இல்லை என்று நீ எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீ அந்தக் கண்ணோடு ஓட்டியது பெரிய குற்றம், அதை நேரில் வந்து சொல்கிறேன். நான் செய்ததையும் நேரில்தான் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் நின்றால் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டாள் என்று எழுதியவள் நான். அந்தக் கடிதம் உங்களிடம் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ எதிரே வர வேண்டாம், வழி கேட்டு வந்துவிடுவேன். அங்கேயே தங்கப் போகிறேன். சமைப்பேன், அவளைக் குளிக்க வைப்பேன். அவள் என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. திட்ட நினைத்தால் வலது பக்கம் இருந்து திட்டச் சொல், ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறிவிடக் கூடாது.

லாரிக்கு என்று வைத்திருந்த பணத்தை எடுத்துவிட்டேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குச் செயற்கைக் கால் செய்து தரும் பட்டறை ஒன்று உண்டு. முப்பது வருஷம் நான் அவர்களிடம் பேரம் பேசிப் பேசி அவர்கள் வாயில் நுரை தள்ள வைத்திருக்கிறேன். முந்தாநாள் அங்கே போனேன். என்னைக் கண்டதும் பட்டறைக்காரர் பழக்க தோஷத்தில், "மத்த ரெண்டு எடத்துல என்ன சொன்னாங்கம்மா?" என்று கேட்டார்.

வேறு எங்கேயும் கேட்கவில்லை என்றேன். இருப்பதில் நல்லது எது என்று மட்டும் கேட்டேன். அவர் ஒரு தொகை சொன்னார், அதை அப்படியே எண்ணி வைத்துவிட்டு வந்தேன். புண் ஆறியதும் அளவு எடுக்க அவரே அங்கே வருவார்.

இதை மட்டும் அவளிடம் சொல். ஒரே இடத்தில்தான் கேட்டேன். விலை பேசவில்லை.

அக்கா